எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

போன செவ்வாய்க்கிழமை மரியதாஸ் அண்ணையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது தாடையில் பெரிய கட்டு. கீழ்த்தாடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். பேச ஏலாது. என்னைக் கண்டதும் கையை மட்டும் தூக்கினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

ஊர்காவற்துறையில் அவர் என் பக்கத்து வீடு. வயது அறுபத்திரண்டு, கடல் தொழில். தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயிலில் அவர்தான் பாடுவார். அந்தக் குரலுக்காகவே கடைசி வாங்கில் வந்து உட்காரும் சைவக்காரர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன் கீழ்ப்பற்கள் போய், பொய்ப்பல் வைத்தார். அது பாட்டுக்கு நடுவே விசிலடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மனுசன் அன்றோடு பாட்டை விட்டுவிட்டார்.

பிரான்சில் இருக்கும் மகள்தான் போனில் வழி சொன்னாள். இம்பிளான்ற். பல்லை எலும்பிலேயே இறுக்கிவிடுவார்கள், அசையாது. ஆனால் எல்லோருக்கும் செய்யமாட்டார்கள், தகுதி பார்ப்பார்களாம்.

தகுதி... அந்த ஒரு சொல்தான் எங்கள் இருவரையும் கெடுத்தது.

தகுதி பார்ப்பது எங்களைப் போன்ற தீவாருக்குப் புதிதா? சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க நின்றிருக்கிறோம். ஆமிக்காரன் மறித்துச் சோதிக்கும் சென்றியில் நின்றிருக்கிறோம். விசாவுக்கும் நின்றிருக்கிறோம். எங்கேயும் ஒரே பாடம்தான் — எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல். ஓம் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று ஊரில் பாதிப்பேர் படிவத்தோடு என்னிடம்தான் வருவார்கள். இந்தப் பாடத்தை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேனோ!

அண்ணைக்கும் சொல்லிக்கொடுத்தேன். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஒத்திகை வேறு. சீனி வருத்தம்? இல்லை. சுருட்டு? இல்லை. அவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி, அதுதான் நீரிழிவு. சுருட்டை வாயிலிருந்து எடுப்பதோ பூசைக்கு மட்டும்தான்.

பல் டொக்டர் இளம் பிள்ளை. ஆறுதலாக ஒவ்வொன்றாய்க் கேட்டார். அண்ணை ஒத்திகை பிசகாமல் பதில் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பியது.

“நீங்கள் பக்கத்து வீடுதானே. ஐயா சொல்லுறது சரிதானே?”

“ஓம்” என்றேன். அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே ஓம் அதுதான்.

இரத்தப் பரிசோதனை? அதற்கு முந்திய மூன்று நாளும் அண்ணை வெறுங்கஞ்சி குடித்து, சீனிக்குப் போடும் குளிசையை இரட்டிப்பாக விழுங்கினார். றிப்போட் நல்ல பிள்ளையாக வந்தது. எக்ஸ்றேயில் எலும்பும் போதும் என்றார்கள். வெளியே வந்து, விசா கிடைத்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விசா அதிகாரியிடம் தப்பிவிடலாம். சொந்தத் தாடையிடம் எப்படித் தப்புவது?

பல்லைப் பொருத்த எலும்பில் இரண்டு ஆணி வைத்த மூன்றாம் வாரம் தாடை வீங்கியது. போய்க் காட்டுங்கோ அண்ணை என்றேன். அவர் சுருட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “போனால் கேப்பினம்.” காய்ச்சல் வந்து, சீழ் வடிந்து, எலும்பு அழுகத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேர்க்கும்போதும் சீனி இல்லையென்றே சொன்னார். இரத்தம் வேறு கதை சொன்னது.

அந்தப் பல் டொக்டர் சீனி இருந்தால் செய்யவேமாட்டேன் என்று சொல்லியிருப்பாரா? முதலில் சீனியைக் குறையுங்கோ, சுருட்டை விடுங்கோ, ஆறு மாதம் கழித்து வாங்கோ என்றிருக்கலாம். ஆறு மாதம்... வேறொன்றும் இல்லை. நாங்கள் அவரையும் ஒரு சென்றி ஆக்கிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை வார்ட்டுக்கு வந்த பெரிய டொக்டர், சீனியைக் குறைத்தும் புண் ஏன் ஆறவில்லை என்று யோசித்தபடி, இவர் சுருட்டுக் குடிக்கிறவரோ என்று என்னைக் கேட்டார்.

“ஓம் டொக்டர். சீனியும் பதினைஞ்சு வருசமா இருக்கு. இல்லையெண்டு சொல்லச் சொல்லிக்குடுத்தது நான்தான்.”

அண்ணை என்னைப் பார்த்தார் — காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல. இனிப் பாட ஏலுமோ என்று மெல்லக் கேட்டேன். முதலில் கஞ்சி குடிக்கட்டும் என்றார் டொக்டர். பிறகு கட்டிலில் குனிந்து, “ஐயா, நோகுதோ?” என்று கேட்டார்.

கட்டு நனையக் கண்ணீர் ஓடுகிறது. மரியதாஸ் அண்ணை தலையை இரு பக்கமும் ஆட்டுகிறார்... இல்லையாம்.