எலும்புக்குப் போட்ட ஊசியும் என் தாடையும்

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறோம். கடைவாய்ப் பற்களை எடுத்துப் பல வருடங்களாகிவிட்டதால், தாடையெலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் பல் வைக்கப் புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் ஸ்கேனைக் காட்டி, "பல் இல்லாத இடத்துல எலும்பு கரைஞ்சிருக்குதும்மா. முதல்ல எலும்புத்தூள் வச்சு வளர்க்கணும்" என்றார். பல் போனால் எலும்பும் கரையும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

"என்னென்ன மருந்து எடுக்கிறீங்க?"

"சுகர் மாத்திரை மட்டுந்தாங்க" என்றேன்.

பக்கத்திலிருந்த என் கணவர், "ஏம்மா, உப்பளத்துல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சதுலேர்ந்து எலும்புக்கு வருஷா வருஷம் ஊசி போட்டுக்கிறியே, அதைச் சொல்லலியா?" என்றார்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கோ குழப்பம். "எலும்புக்கு நல்லதுன்னுதானே டாக்டர் அந்த ஊசி?"

"இடுப்புக்கு நல்லதுதாம்மா. ஆனா அதைப் போட்டுக்கிட்ட சில பேருக்குத் தாடையில ஆபரேஷன் பண்ணா புண்ணு ஆறாது. எலும்பே செத்துப்போயிடும்."

பல் மருத்துவர் என் எலும்பு மருத்துவரிடம் போனில் பேசிய பிறகு, அறுவை சிகிச்சை வேண்டாமென்று கழற்றி மாட்டும் பல்செட்டே செய்து கொடுத்தார்.

இப்போது எந்த மருத்துவர் கேட்டாலும் மாத்திரையோடு ஊசியையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாற்றப் போன இடத்திலும் சொன்னேன். அந்த டாக்டர் சிரித்தார், சிரிக்கட்டும்.