அட்டையில் எழுத்தே வேண்டாம் என்று அக்கா சொன்ன மாலை

மாலை நான்கு மணி இருபது நிமிடம். திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு கலர் பிரிண்ட் கடையின் இயந்திரத்திலிருந்து தாள் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. முதலில் தெரிந்தது ஒரு பெண்ணின் நெற்றி. பிறகு கண்கள், மூக்குத்தி, அரக்கு நிறப் பட்டு. கடைக்காரர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்கே!" என்றார்.

நம்ம ஊர்ப் பெண்தான், ஸ்ரீரங்கத்துப் பெண். மும்பையிலிருந்து நாடு முழுவதற்கும் போகும் ஒரு ஃபேஷன் இதழுக்கு அக்கா ஆசிரியராக இருந்தார். அந்த இதழின் கல்யாணச் சிறப்பிதழ் அட்டை அது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அச்சு ஓட வேண்டும்.

அன்று மாலை நடந்ததும், அதன் விளைவாகப் பின்னர் நடந்ததும் உறவினர்களில் பலருக்குத் தெரியாது. உடல்நிலை காரணமாக அக்கா ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார் என்று நாங்கள் சொல்லிவந்தோம். அது சரியான தகவல் அல்ல. நான் செய்தித்தாளில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவன். நாங்களே பரப்பிய ஒரு பிழையை அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் திருத்தாமல் விட மனம் ஒப்பவில்லை.

அக்கா பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பா பணிமனையில் எழுத்தர். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பக்கத்து வீடுகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே அந்த வீடுகளில் தையல் இயந்திரச் சத்தம் தொடங்கிவிடும். அக்காவுக்கு அந்த வீடுகளில் இருந்த எல்லா கவுன்களும் மனப்பாடம். பதினோரு வயதில், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் அறிக்கை வாசிப்பார்: "முன்வரிசையில மூணு பேர் நீலம். அதுல ரெண்டு பேருக்குப் பொருந்தலை."

அம்மா ஒருநாள் கேட்டார்: "நீ பூசை பாக்கப் போனியா, புடவை பாக்கப் போனியா?"

"ரெண்டும்தாம்மா. ரெண்டுக்கும் முன்வரிசைதான் வசதி."

அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். படிப்பை முடித்த வாரமே அக்கா சென்னையில் ஒரு பெண்கள் மாத இதழில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மும்பை போனார். அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் படங்களுக்குக் கீழே வரும் ஒற்றை வரியை மட்டுமே எழுதக் கொடுத்தார்கள். இந்தி தெரியாது. "ஆட்டோக்காரர்கிட்ட கையால பேசினேன், ஆபீஸ்ல வாயை மூடிக்கிட்டுப் பாத்தேன்" என்று அந்த நாட்களைப் பற்றிச் சொல்வார். என் படிப்பும் அம்மாவின் கண் சிகிச்சையும் அந்த ஒற்றை வரிகளில்தான் நடந்தன. நாற்பத்தொன்றாம் வயதில் அதே இதழுக்கு ஆசிரியர் ஆனார்.

ஊரில் இதை எப்படி விளக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சித்தி நேரடியாகவே கேட்டார்: "ஃபேஷன் பத்திரிகைன்னா தையல் பத்திரிகையா பாப்பா?"

"கிட்டத்தட்ட அதான் சித்தி. ஆனா அதுல போடுற எந்த அளவும் யாருக்கும் பத்தாது!"

அக்காவின் உடை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கைத்தறி நூல் புடவை, முழங்கை வரை ரவிக்கை, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம், கேன்வாஸ் ஷூ. நடிகைகள் வரும் விழாவுக்கும் அதே ஷூதான். "எதுக்குக்கா இது?" என்று கேட்டேன். "ஓட வேண்டியிருக்கும்டா" என்றார். உண்மையிலேயே ஓடுவார்.

ஒருமுறை மும்பை போயிருந்தபோது அவருடைய ஆசிரியர் குழுக் கூட்டத்தைக் கதவோரம் நின்று பார்த்தேன். எல்லாரும் நின்றுகொண்டே பேச வேண்டும். படங்களைத் தரையில் பரப்பி, சுற்றி நடந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு உடைக்கும் அக்கா ஒரு கேள்வி கேட்பார்: "இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஏற முடியுமா?" முடியாது என்றால் அந்தப் படம் உள்பக்கத்தில் சிறிதாக வரலாம், அட்டைக்கு வராது. ஒருவர் தன் கட்டுரையில் கண்ணைப் பறிக்கும் நிறம் என்று எழுதியிருந்தார். "யாரோட கண்ணை? எங்க வச்சு?" என்று கேட்டார் அக்கா. அவர் வாய்விட்டுச் சிரித்தபடி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, துணியின் பெயரை எழுதினார். அறையில் பயம் இல்லை. பரீட்சைக்கு முந்தைய விடுதி மாதிரி ஒரு பரபரப்புதான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் அக்காவுக்கு உண்டு. தொழில்முறை மாடல் அல்லாத ஒருவரின் படம் வந்தால், அச்சுக்கு முன் அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தத் தொழிலில் அப்படி யாரும் செய்வதில்லை. வீண் வேலை என்று பதிப்பாளர் முணுமுணுப்பார். அக்கா விடவில்லை.

கல்யாணச் சிறப்பிதழ் அட்டையில் எப்போதும் ஒரு நடிகைதான் வருவார். அந்த ஆண்டு அக்கா, மடிசார் கட்டிய உண்மையான ஒரு மணப்பெண்ணைப் போடுவதென்று முடிவு செய்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கு அருகில் ஒரு வைணவக் குடும்பம் எங்களுக்குப் பழக்கம். அவர்கள் மகள் வைதேகி கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர். தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வைதேகிக்குச் சம்மதம். அவர் அம்மாவான மாமிக்கு இல்லை.

"புஸ்தக அட்டைல போடறதுக்கா பொண்ணைப் பெத்து வச்சிருக்கேன்? பவுடரைப் பூசி, ஆளையே மாத்திடுவா."

அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டாவது காபியும் குடித்துவிட்டுச் சொன்னார்: "மாமி, உங்க பொண்ணு உங்க பொண்ணாவே வருவா. ஒண்ணையும் மாத்த மாட்டோம். புடவையும் நீங்களே கட்டி விடுங்க."

மாமி தன்னுடைய ஒன்பது கஜத்தைத் தானே மகளுக்குக் கட்டிவிட்டார். மும்பையிலிருந்து வந்த ஒப்பனையாளர் ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மொட்டை மாடியில் காலை வெயிலில் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தோடு வந்த அட்டைப் பிரதியைத்தான் அன்று மாலை நான் எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அட்டையின் எழுத்துகளை மூன்று முறை படித்தேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமையோடு ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன்.

மாமி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரம் ஐந்து முப்பத்தைந்து.

"படம் ரொம்ப லட்சணமா இருக்கு. ஆனா இது எங்காத்துப் பொண்ணு இல்லையே!"

எனக்குப் புரியவில்லை. மாமி தன் இடது தோளில் கிடந்த தலைப்பைத் தட்டிக் காட்டினார். "நாங்க இங்கதானே போட்டுப்போம்? இதுல பாருங்கோ, வலது தோள்ல கிடக்கு. அய்யர் ஆத்துக் கட்டு. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே எங்களை மதம் மாத்திட்டேளே! சம்பந்தி ஆத்துல என்ன சொல்லுவா?"

வைதேகி எட்டிப் பார்த்தார். "அம்மா, தலைப்பு மட்டுமா? என் கன்னத்து மச்சமும் எதிர்ப் பக்கம் குடி போயிடுத்து."

அப்போதுதான் புரிந்தது. படத்தில் வைதேகி இடப்பக்கம் நின்றிருந்தார். வலப்பக்கம் வெறும் வானம். இதழில் என்னென்ன இருக்கிறது என்று அறிவிக்கும் வரிகளை அட்டையின் இடப்பக்கம்தான் போடுவார்கள். கடையில் அடுக்கும்போது இடது ஓரம் மட்டுமே வெளியே தெரியும். அந்த வரிகளுக்கு இடம் வேண்டும் என்று, கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான் காற்புள்ளியைப் பார்த்தேன், தோளைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, திருப்பச் சொன்னது நான்தான்" என்றார். "எழுத்துக்கு இடம் இல்லைன்னு நஸ்ரீன் சொன்னா. கை தானா காட்டிடுச்சு, திருப்புன்னு. மாமிகிட்ட உக்காந்து ரெண்டு காபி குடிச்சவ நானு!" நஸ்ரீன் என்பவர் அந்த இதழின் வடிவமைப்பாளர்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"போனை வைக்காதே. ஸ்பீக்கர்ல போடு."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீட்டுக் கூடம் மும்பை அலுவலகத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நாற்காலிகள் நகரும் சத்தம், நஸ்ரீன் ஆங்கிலத்தில் அளவுகள் சொல்லும் குரல், அக்காவின் ஷூ தரையில் உரசும் ஒலி எல்லாம் கேட்டன. மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். படத்தைப் பழையபடி திருப்பினால் இடப்பக்கத்து எழுத்தெல்லாம் பட்டின்மேல் விழும். வலப்பக்கம் போடலாமே என்று நான் சொன்னேன்.

"அங்க போட்டா கடையில ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாத எழுத்து எதுக்கு? எடுத்துடு நஸ்ரீன். எல்லாத்தையும் எடு. இதழ் பேர் மட்டும் போதும்."

 மறுமுனையில் யாரோ கைதட்டினார்கள்.

அட்டையில் எழுத்தே இல்லாத கல்யாணச் சிறப்பிதழை அதுவரை அங்கே யாரும் கண்டதில்லை. ஆறு ஐம்பதுக்குப் புதிய அட்டை வைதேகியின் மடிக்கணினிக்கு வந்தது. அக்கா தொலைபேசியில் மூச்சு வாங்கக் கேட்டார்: "மாமி, இப்ப?"

மாமி திரைக்குக் கிட்டே குனிந்து, தோளைப் பார்த்தார், மச்சத்தைப் பார்த்தார். "இப்போ எங்காத்துப் பொண்ணு" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தோம்.

மீதியை அக்கா பிற்பாடு பல தடவையாகச் சொல்லித் தெரிந்துகொண்டேன். எடுத்த வரிகளில் ஒன்று ஒரு நகைக்கடை விளம்பரதாரருக்காகப் போடுவதாக ஒப்புக்கொண்டது. அந்த ஒரு வரியையாவது போடச் சொன்னார் பதிப்பாளர். அது முடியாதென்றால் பழைய அட்டையே போகட்டும், தோள் எந்தப் பக்கம் என்று வடக்கே யாருக்குத் தெரியும் என்றும் கேட்டார். "ஸ்ரீரங்கத்துல ஏழு வயசுக் குழந்தைக்குத் தெரியும்" என்றார் அக்கா. விவாதத்தில் இரண்டு நாள் போயிற்று. விளம்பரதாரர் விலகிக்கொண்டார். இதழ் இரண்டு நாள் தாமதமாக, அக்காவின் அட்டையோடு வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைக்குப் பத்துப் பிரதிகள் வந்தன. மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைக்காரர் என்னிடம், "எழுத்தே இல்லாம எப்படி சார் விக்குது?" என்று வியந்தார்.

ஆனால் இதழ் அச்சாகும் முன்பே, தாமதத்துக்குக் காரணம் நஸ்ரீன் என்று பதிப்பாளர் அலுவலகம் முழுவதற்கும் கடிதம் அனுப்பியிருந்தார். அவரை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. அக்கா ஆசிரியர் குறிப்பை மாற்றி எழுதினார். அட்டைப் படத்தைத் தவறாகத் திருப்பச் சொன்னது தானே என்றும், தாமதத்துக்குத் தான் மட்டுமே பொறுப்பு என்றும் நான்கு வரி. திருத்திவிட்ட தவறை அச்சில் ஏன் சொல்ல வேண்டும், விளம்பரதாரர்கள் என்ன நினைப்பார்கள், எடுத்துவிடுங்கள் என்றார் பதிப்பாளர். அக்கா எடுக்கவில்லை. நஸ்ரீன் வேலையில் நீடித்தார். அடுத்த மாதம் அக்காவுக்கு ஆலோசகர் என்ற பதவியைக் கொடுத்து, ஆசிரியர் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்கா ஆலோசகர் பதவியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பெட்டிகளோடு திருச்சி ரயில் ஏறினார். நடந்தது இதுதான். உடல்நலக் குறைவு அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது.

பொன்மலைக்குத் திரும்பிய பிறகும் அக்கா சும்மா இருக்கவில்லை. தேவாலயப் பங்கு இளையோர் நடத்தும் மாத இதழைத் தரையில் பரப்பி, சுற்றி நடந்து பார்த்தார். மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரங்களிலும் அந்தக் கண் ஓயவில்லை. "சிஸ்டர், உங்க பாக்கெட் தப்பான இடத்துல இருக்கு. குனியுறப்பல்லாம் பேனா விழுது பாருங்க." மறுநாள் அந்தச் செவிலியர் பாக்கெட்டை இரண்டு அங்குலம் மேலே ஏற்றித் தைத்துக்கொண்டு வந்து, அக்காவின் எதிரில் குனிந்து காட்டினார். பேனா விழவில்லை. அக்கா படுத்தபடியே கைதட்டினார். அதற்கு ஐந்தாம் நாள் காலை, அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், பாடற்குழுவினருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சகோதரிகளுக்கும், மும்பையிலிருந்து மூன்று முறை வந்து உடனிருந்த நஸ்ரீன் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மலர் வளையம் வைக்கத் தெரியாது என்று சொல்லி, ஒரு தட்டு நிறைய மல்லிகை கொண்டுவந்த ஸ்ரீரங்கத்துக் குடும்பத்துக்கும் நன்றி.

பதவி போன காரணத்தை மாமியிடம் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "பாவம், படம் வந்த சந்தோஷம் போயிடும்டா." இந்த மலரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதே என்று, சென்ற வெள்ளிக்கிழமை காலை நேரில் போய்ச் சொன்னேன். மாமி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அவா எழுதின அந்த நாலு வரி, அந்தப் புஸ்தகத்துலேயே இருக்கா?"

"மூணாம் பக்கத்துல இருக்கு மாமி."

மாமி உள்ளே போய், பீரோவைத் திறந்து, இதழை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து அதன் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.