மென்று தின்ன முடியாத ஆறு வாரம்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு பிளெண்டர் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வாங்கி வந்தவள் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் பெயரைப் பதிந்து சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு மெக்கானிக் ஒரு டீயை மட்டும் வாயில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போவார். பதினோரு மணிக்குப் பசி தலைக்கேறி, கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவார். அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் கேட்காதே என்று கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவைத்துவிடுவார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் அவர் செய்த முதல் காரியம், பிளெண்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தது. எத்தனை வாட்ஸ் என்று பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மோட்டார் ரெண்டு வருஷம் தாங்கினா பெருசு."

"நீங்க பதினோரு மணி வரைக்கும் தாங்கினா எனக்குப் போதும்" என்றாள் மனைவி.

அவர் அதைச் சீண்டவே இல்லை. குடிப்பதெல்லாம் சாப்பாட்டில் சேருமா, அப்புறம் பல் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். மனைவி வாழைப்பழமும் கீரையும் பாலும் போட்டு அடித்து, மூடி போட்ட டம்ளர்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். ஏழு வயது மகள்தான் குடித்தாள். கீரை என்றால் தட்டை நகர்த்திவைக்கிற பெண், பச்சையாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்காமல் குடித்துவிட்டு, பச்சை மீசையோடு பள்ளிக்கூடம் போனாள். அப்பாவின் பங்கையும் சேர்த்தே காலி செய்தாள். இப்படியே நான்கு வருஷம் ஓடியது.

ஐந்தாவது வருஷம் அந்த விபத்து நடந்தது. பதினோரு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் மெக்கானிக் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான் அவருடைய கூட்டாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டை. வயதில் அவரைவிட மூன்று வருஷம் இளையவன். பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒரே ஜோடியாக வேலை பார்த்தவர்கள்.

நெட்டையின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. "அண்ணே" என்ற குரல் கேட்டு மெக்கானிக் நிமிர்ந்தார். நிமிராமல் இருந்திருந்தால் ஹெல்மெட்டில் பட்டுப் போயிருக்கும். வழியில் ஓர் இரும்புச் சட்டத்தில் மோதித் தெறித்ததால் வேகம் குறைந்து உயிர் பிழைத்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. விழும்போது கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டும் விரிசல் விட்டது.

டாக்டர் மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. எதுவானாலும் தண்ணீர் மாதிரிக் கரைத்து, கடைவாய்ப் பக்கம் ஸ்ட்ராவை நுழைத்து உறிஞ்ச வேண்டியதுதான். வாந்தி வந்தால் கம்பியை உடனே வெட்ட வேண்டியிருக்கும், வீட்டில் கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அந்த நிலையிலும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் ஸ்பூனைவிடக் கட்டிங் பிளேயர்தான் அதிகம்.

வீடு வந்த மறுநாள் காலை நெட்டை ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தான். வாசலில் மனைவியின் கையில் பையைக் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் பையை வாங்கவில்லை.

"வாசல்லயே நின்னுட்டுப் போற ஆளு கொண்டுவர்ற பழம் எங்களுக்கு வேணாம். லீவு முடிஞ்சு நானும் வேலைக்குக் கிளம்பிட்டா இவருக்கு ஒத்தக் கையால பழம் உரிக்கக்கூட முடியாது. உள்ள வந்து உரிங்க."

"சரி அண்ணி" என்று குனிந்து உள்ளே வந்தான். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் தினமும் வந்தான். மெக்கானிக்கின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்றே எல்லாவற்றையும் செய்வான்.

முதல் நாள் அவன் அடித்துக் கொடுத்தது சிமெண்டுக் கலவை மாதிரி இருந்தது. ஸ்ட்ராவில் ஏறவே இல்லை. இரண்டாம் நாள் ஆப்பிள் தோல் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகள் திரும்பி வந்து தண்ணீர் பீய்ச்சி எடுத்துவிட்டாள். பிறகு நெட்டைக்குக் கை பழகிவிட்டது. ஓட்ஸை ஊறவைத்துப் போட வேண்டும், எதை அடித்தாலும் டீ வடிகட்டியில் ஒரு தடவை வடித்துவிட வேண்டும். எடை ஏழு கிலோ இறங்கிவிட்டதென்று டாக்டர் கடிந்துகொண்ட நாளிலிருந்து நிலக்கடலை வெண்ணெய், பேரீச்சை, அவகாடோ என்று கனமான சங்கதிகளாகப் பார்த்துச் சேர்த்தான். மத்தியானத்துக்கும் ஒரு பாட்டில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைப்பான்.

நாலாவது வாரம் ஒரு நாள், பேரீச்சையில் ஒன்று கொட்டையோடு உள்ளே போய்விட்டது. கடகடவென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் தீய்ந்த வாடை. ஜாருக்குள் பிளேடு நின்றுவிட்டது.

நெட்டை ஜாரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"இதையும் நானே ஒடச்சிட்டேன், அண்ணே."

சொன்னவன் ஜாரைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் இரண்டு கையையும் ஊன்றி அழுதான். அந்த நெடிய உடம்பு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விபத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அன்றுதான். ஆறுதல் சொல்லலாம் என்றால் அவருக்கு வாயில்லை. பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த நோட்டை எடுத்து, கோழி கிறுக்கிய மாதிரி இடது கையால் எழுதி நீட்டினார்.

"மோட்டார் ஓடுது. கப்ளிங்தான் போச்சு. கவுத்துப் பாரு."

பார்த்தார்கள். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் சின்ன ரப்பர் சக்கரத்தின் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. நெட்டை அதைக் கழற்றப் பார்த்தான். முறுக்க முறுக்க இறுகிக்கொண்டே போனது. மெக்கானிக் மேஜையைத் தட்டி, விரலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காட்டினார். பிளெண்டர் கப்ளிங்குக்கு மரை தலைகீழ். இருபது மாடி லிஃப்டைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று நெட்டைக்கே சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அப்போது மெக்கானிக் இன்னொரு பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

"கீழ ஆள் இருக்கும்போது மேல வேலை பாக்கக் கூடாது. கருவிய கயித்துல கட்டித்தான் எடுத்துட்டுப் போகணும். ரெண்டும் எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிச்சிடலாம்னு உன்ன மேல ஏறச் சொன்னது நான். இத உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். வாய் கட்டியிருக்கிறத சாக்கா வச்சுக்கிட்டேன்."

நெட்டை நின்றபடியே இரண்டு முறை படித்தான். பிறகு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நேருக்கு நேர் அவரைப் பார்த்து, "சாயந்திரம் கப்ளிங் வாங்கிட்டு வந்துடுறேன், அண்ணே" என்றான். அன்று ஷிப்ட் முடிந்து வந்த மனைவி காய்கறியை வேகவைத்து, கையால் மசித்து வடிகட்டிக் கொடுத்துச் சமாளித்தாள். மறுநாள் காலை பிளெண்டர் ஓடியது. நெட்டை மேடைப் பக்கம் திரும்பி நிற்காமல், மெக்கானிக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டே பழம் நறுக்கினான். கம்பெனிக் கதைகள் அத்தனையும் வந்தன.

ஆறு வாரம் முடிந்து கம்பியை எடுத்தார்கள். வாய் ஒரு விரற்கடைதான் திறந்தது. முதல் பேச்சு மனைவியிடம்தான், அதுவும் நன்றி என்றுதான் என்று மெக்கானிக் முடிவு செய்து வைத்திருந்தார். "ரொம்ப தேங்க்ஸ்" என்றார். நாக்கு புரளவில்லை.

"டேங்க்கா? எந்த டேங்க் ரொம்பிடுச்சு?" என்று அவள் மொட்டைமாடிக் குழாயை மூட ஓடினாள். திரும்பி வந்தவளை உட்காரவைத்து, மூன்று தடவை சொல்லிப் புரியவைத்தார். புரிந்ததும் அவள் அவருடைய தாடையை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

அதன் பிறகு மெக்கானிக் ஸ்மூத்தியை விடவில்லை. மெல்ல முடிந்தும் குடிக்கிறார். அது இல்லாமல் காலை விடிந்த மாதிரியே அவருக்கு இல்லை. பதினோரு மணிக்கும் சிரித்த முகமாக இருக்கிறார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ஜார் ஒன்று விரிசல் விட்டு மாற்றினார்கள். அடி ரப்பர் வளையம் மூன்று முறை மாறியது. மோட்டார் அதேதான். நெட்டை இப்போது சூப்பர்வைசர். கருவியில் கயிறு கட்டாமல் யாரும் குழிப் பக்கம் போக முடியாது; அவனே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புகிறான். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கீரையோடு எந்தப் பழம் ஒத்துப்போகும் என்று அப்பாவைத்தான் போனில் கேட்கிறாள்.

மனைவிக்கு இன்னமும் காலை ஷிப்ட்தான். ஆனால் இப்போது முதலில் எழுந்திருப்பவர் மெக்கானிக். இரண்டு வாழைப்பழம், கைப்பிடிக் கீரை, ஊறிய ஓட்ஸ், பால். அவள் தலை வாரி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் தயாராகிவிடும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே குடிப்பாள். குடித்து முடிக்கும் வரை அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறார்.