வயிறு பெருத்த சைலன்சர்

போன வருடம் மாசி மாதம். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் எங்கள் மிளகுத் தோட்டத்தில் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தோட்டம் கீழே ஓடைக்கரையில், ரோடு மேலே. நடுவில் கல்லும் செம்மண்ணுமாகச் செங்குத்தான ஏற்றம். பச்சை மிளகு மூட்டையை அம்மாவும் நானும் தலையில் வைத்துத்தான் ஏறுவோம். மேலே வந்து இறக்கும்போது கழுத்து இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாது.

அந்த ஏற்றத்துக்காகவே பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றை வாங்கி, பின்னால் கேரியர் வெல்டிங் வைத்தேன். ஆள் மட்டும் என்றால் ஏறிவிடும். மூட்டையைக் கட்டினால் பாதியில் திணறி நின்றுவிடும். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அப்பாவுக்கு முதலிலிருந்தே அந்த வண்டி ஆகாது.

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு? ஞாயித்துக்கெழம காரவள்ளியில இருந்து ஆளு வாராங்க, குடுத்துப்போடலாம்" என்றார்.

பொம்பளைப் பிள்ளை தலையில் மூட்டை சுமந்தபோது எதுக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள மூட்டையோட மேல ஏத்திக் காட்டறனுங்கப்பா. ஏறலீன்னா வித்துப்போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சர் என்பது வெறும் புகைக்குழாய் இல்லை. அதன் வடிவத்தைப் பொறுத்துத்தான் வண்டி எப்போது இழுக்கும் என்பதே இருக்கிறது. கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று ஒல்லியாக, பளபளவென்று. முறுக்கிப் பிடித்தால் பறக்கும், சத்தம் காதைக் கிழிக்கும். இன்னொன்று நடுவில் வயிறு பெருத்து, பார்க்கச் சுமாராக இருந்தது. ஆனால் மெதுவாகப் போகும்போதே இழுக்கும்.

அண்ணனுக்கு ஒல்லிதான் பிடித்தது. "பசங்க எல்லாம் இதத்தானுங்க கேக்கறாங்க" என்று கடைக்காரரும் அண்ணனிடம் சொன்னார். நான் எதைக் கேட்டாலும் அவர் பதில் அண்ணனுக்குத்தான் போனது. மூட்டையோடு முதல் கியரில் ஏறுவதற்கு எது நல்லது என்று கேட்டேன். "தங்கச்சிக்குச் சத்தம்னா பயமுங்களா?" என்று அண்ணனைக் கேட்கிறார். பயமாம். பெட்ரோல் வாசனையிலேயே பாதி நாள் கிடக்கிறவளுக்குப் பயமாம். வயிறு பெருத்ததையே கட்டச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து நானே மாட்டினேன்.

சனிக்கிழமை காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் நன்றாகத்தான் இழுத்தது. பாதி ஏற்றம் வந்ததும் இருமியது, சூடு காலைச் சுட்டது, அப்படியே நின்றுவிட்டது. மேலே நின்ற அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். "நான்தான் அப்பவே சொன்னனல்ல" என்றான் அண்ணன். பாதையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போன் செய்தேன். "ஜெட் மாத்துனீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டு. புது சைலன்சருக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், பழைய ஜெட்டோடு இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் சூட்டில் பிஸ்டனே இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றார். "அண்ணங்கிட்டச் சொல்லித்தான் குடுத்தனுங்களே."

அண்ணன், சேலத்துக்கு மாட்டிக்கொண்டு வந்த தோள்பையைத் துழாவினான். ஓரத்து ஜிப்புக்குள், பிளாஸ்டிக் உறையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அது கிடந்தது. மறந்தே போய்விட்டானாம்.

"வண்டி ஓட்டறது நானுங்க. இனிமே எங்கிட்டச் சொல்லுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிப் போனை வைத்தேன். அண்ணனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அங்கேயே கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கேட்டு வந்தவர் ரோட்டில் அப்பாவோடு நின்றிருந்தார். நான் கீழே ஓடைக்கரையில் மூட்டையைக் கட்டி, முதல் கியரில் விட்டேன். காதைக் கிழிக்காமல், கல்லை உதறிக்கொண்டு, ஒரே மூச்சில் அவர்கள் முன்னால் போய் நின்றேன். அப்பா வாயைத் திறப்பதற்குள் நானே வாங்க வந்தவரிடம் சொன்னேன்: "விக்கறதுக்கில்லீங்க."

அப்பா மூட்டையை அவிழ்த்து இறக்கிவிட்டு, "உங்கம்மா மூட்டை இன்னும் கீழதான் கெடக்குது. போயி எடுத்துட்டு வா சாமி" என்றார்.

அதன் பிறகு அம்மா அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடுதான் ஏறுகிறாள். நானும் எந்தக் கடைக்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. என் வண்டிக்கு வேண்டியதை என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதும் இல்லை.