சீட்காரரும் முட்டை உடையும் ஊசியும்

கார்களுக்கு சீட் தைப்பவர் என்பதால் தெருவே அவரை சீட்காரர் என்றுதான் அழைத்தது. அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எப்பேர்ப்பட்ட காராக இருந்தாலும் நல்ல லெதரில் எடுத்தவுடன் ஊசியை இறக்க மாட்டார். ஒரு வெட்டுத் துண்டில் நாலு தையல் ஓட்டிப் பார்த்து, மனசு சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடுவார். தொழிலுக்கு அது நல்ல பழக்கம். ஆனால் பழக்கத்துக்குப் பட்டறை எது, வீடு எது என்று தெரியவா போகிறது?

கல்யாணமாகி ஒன்பது வருடம். அவர் மனைவி பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் நாள் முழுக்க அடுத்தவர் சாமான்களை வாங்கி வைப்பவள். பிள்ளைக்காக இருவரும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இந்த முறை டாக்டரம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "முட்டைங்க நல்லா வளர்ந்திருக்கு. ஆனா உங்க உடம்புல முட்டை இருப்பு குறைஞ்சுக்கிட்டே வருது. இதைத் தவறவிட்டா அடுத்த தடவைக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

வளர்ந்த முட்டைகள் பழுத்து வெளியே வர ஒரு ஹார்மோன் ஊசி போட வேண்டும். முட்டை உடையும் ஊசி என்பார்கள். அதை வீட்டிலேயே போடச் சொல்லி, நர்ஸ் இரண்டு சிரிஞ்சுகளைக் கொடுத்தாள்.

"இது மருந்துண்ணே. இன்னொண்ணு வெறும் தண்ணி, பழகறதுக்கு. ஸ்பாஞ்சுல குத்திப் பாருங்க. நாளைக்குக் காலைல கர்ப்பம் பாக்கற அட்டைல ஒரு தடவை பாத்துடுங்க. ரெண்டு கோடு வரும். அது குழந்தை இல்ல, மருந்து உடம்புல ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஆட்டம் போட்டுடாதீங்க!"

சாயந்திரம் சீட்காரர், பார்க்க ஒரே மாதிரி இருந்த சிரிஞ்சு இரண்டையும் தட்டில் வைத்தார். இடது பக்கம் தண்ணி, வலது பக்கம் மருந்து. வீட்டில் ஸ்பாஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் ஸ்பாஞ்சுக்கு வலிக்காதே! வலிக்குமா என்று தெரியாமல் அவளை எப்படிக் குத்துவது? அவள் முகம் கழுவப் போன நேரத்தில் சட்டையைத் தூக்கி, இடது பக்கத்து ஊசியைத் தன் வயிற்றிலேயே இறக்கினார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. தைரியம் வந்துவிட்டது. அவள் வந்ததும் மற்றதை அவளுக்குப் போட்டார். "வலிக்கவே இல்லைங்க, டாக்டரைவிட உங்களுக்குக் கை லேசு" என்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் அட்டையில் ஒரே கோடு. இன்னொரு அட்டை. அதிலும் ஒன்றுதான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "என் உடம்புல எதுதான் ஒட்டியிருக்கு, இது ஒட்ட?" என்றாள். சீட்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. முகம் கழுவப் போகுமுன் அவள் அந்தத் தட்டை மேசையில் நகர்த்தித் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். இடது வலதாகியிருந்தது. சொல்ல வாயெடுத்தவர், "டாக்டரம்மாவைப் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"முட்டையெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா ரத்தத்துல மருந்தே காணோமே. ஊசியைச் சரியாத்தான் போட்டீங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் மனைவி முந்திக்கொண்டாள். "அவர் சரியாத்தான் போட்டார் டாக்டர். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. என் உடம்புதான் இப்படி."

"அப்படின்னா இந்தத் தடவை நிறுத்திடறதுதான் நல்லது" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"நிறுத்தாதீங்க டாக்டர்!" சீட்காரர் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த நர்ஸ் உள்ளே ஓடி வந்தாள். "மருந்து அவளுக்குப் போகவே இல்ல. அது என் வயித்துல இருக்கு."

டாக்டரம்மா நம்பவில்லை. ஒரு அட்டையைக் கொடுத்து அவரைக் கழிவறைக்கு அனுப்பினார். திரும்பி வந்தவரின் கையில், பளிச்சென்று இரண்டு கோடு.

முதலில் சிரித்தது நர்ஸ்தான். பிறகு டாக்டரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்ல வேளை, இப்பவாவது வாயத் திறந்தீங்க. முட்டை காத்திருக்கு, இப்பவே வேற ஊசி போட்டுடலாம். இவருக்கு ஒண்ணும் ஆகாது." நர்ஸே ஊசியைப் போட்டாள்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. திட்டப் போகிறாள் என்று சீட்காரர் தலையைக் குனிந்து நின்றார். அவள் அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு கோடுன்னா இப்படித்தான் இருக்குமாங்க?" என்றாள். "நான் இப்பத்தான் பாக்கறேன்."