வலது பக்கப் பாக்கெட்

தெருவில் எல்லோரும் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையற்கடை வைத்திருப்பதால் மட்டும் வந்த பெயரல்ல, அவள் வாய்க்கும் அதில் பங்கு உண்டு. புதுப்படம் வந்தால் முதல் நாளே போய்விடுவாள். கதைக்காக இல்லை. கதாநாயகியின் உடையில் கழுத்து எப்படி, கை எப்படி, இடுப்பில் மடிப்பு எங்கே என்று கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து, மறுநாள் கடையில் பழுப்புக் காகிதத்தில் வெட்டிக் காட்டுவாள். படத்தில் யார் செத்தது என்று புருஷன் கேட்டால், "அந்தத் தோள் தூக்கின கோட்டுக்காரன்" என்பாள்.

அடுத்தவர் தையலில் இத்தனை குறை பிடிக்கிறவளும் ஒரு தடவை சறுக்கியிருக்கிறாள். தன் அக்கா மகள் ப்ளஸ் டூ படிக்கையில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தபோது, பேச்சு சுவாரசியத்தில் இடது பக்கம் வைக்க வேண்டிய பாக்கெட்டை வலது பக்கம் வைத்துவிட்டாள். பிரித்து மாற்றித் தைத்துத் தருகிறேன் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தப் பெண் சட்டையைக் கொடுக்கவே இல்லை.

அந்த அக்கா மகளேதான் இப்போது ஒரு படத்தில் கதாநாயகி. வளரும் பெண் ஒருத்தியைப் பற்றிய சின்னப் படம், முதல் படம். "சித்தி, இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. மத்த எல்லாரும் என் மனசு நோகக் கூடாதுன்னு பேசுறாங்க. நீங்க பார்த்துட்டு நல்லா இல்லைன்னு சொன்னா, பேசாம வேலை தேடிக்கிறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

கத்திரி அக்கா போய்ப் பார்த்தாள். வேறு குடும்பம் தேடிக்கொண்டு போன அப்பாவைப் பார்த்துவிட்டு மகள் வீடு திரும்புகிறாள். "என்னப் பத்தி விசாரிச்சாரா?" என்று அம்மா கேட்கிறாள். அப்பா விசாரிக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அங்கே கதறித் தீர்த்திருப்பாள். இவளோ வாசலில் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கிறாள். அவிழ்க்கிறாள், அவிழ்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு நிமிர்ந்து, "ம், கேட்டாரு" என்கிறாள். அந்த ஒரு பொய்யில் அவள் பெரியவளாகிவிடுகிறாள்.

மறுநாள் கடையில் காகிதத்தை விரித்துக் கத்திரியைக் கையில் எடுத்தாள். கை ஓடவில்லை.

"என்னக்கா, கடைசியில என்ன போட்டிருந்தா?" என்று கேட்டாள் பக்கத்து மருந்துக்கடைக்காரி.

"ஞாபகம் இல்ல."

"உங்களுக்கா? சொந்தக்காரப் பொண்ணுன்னதும் கண்ணு மங்கிடுச்சு போல!"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டியவள்! இந்தப் படத்தில் ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை. பாசம் கண்ணை மறைத்திருந்தால், தன் பேச்சை நம்பி அந்தப் பெண் வேலைவெட்டி இல்லாமல் தெருவில் நிற்க வேண்டியதுதான். போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"சித்தி, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சட்டையப் பத்தித் திட்டப் போறீங்கன்னு தெரியும். பழைய சட்டையா வேணும்னாங்க, அதான்..."

"எந்தச் சட்டை?"



"ஷூ கழட்டுற சீன்ல போட்டிருந்தேனே சித்தி. நீங்க தைச்சது. வலது பக்கப் பாக்கெட். நீங்க கவனிக்கலையா?"

கத்திரி அக்கா உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரிசையிலிருந்தே பொத்தான் மாறினதைச் சொல்லக்கூடியவள் அவள். திரை முழுக்கத் தெரிந்த தன்னுடைய தப்பையே பார்க்கவில்லை. பாசம் அந்தப் பெண்ணின் குறையை மறைக்கலாம், தன் தப்பை மறைத்தது அவள் நடிப்புதான். அக்காவின் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

"கவனிக்கலடி," என்றாள். குரல் கணீரென்று வந்தது. "உன் மூஞ்சிய விட்டு என் கண்ணு எங்கடி நகர்ந்துச்சு? அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போடப் போறப்ப அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டுப் போ."