ஜோடியில் ஒன்று

"அந்தச் சாக்கையும் கொட்டுங்க" என்றாள்.

பழைய பேப்பர் கடைக்காரர் மூன்றாவது சாக்கையும் கவிழ்த்தார். பள்ளிக்கூட நோட்டு, மருந்து அட்டை, கரண்ட் பில். தீப்பெட்டி லேபிள் ஒன்றுகூட இல்லை.

"நேத்தே லாரி ஏத்திட்டுப் போயிடுச்சும்மா. இது மிச்சம்."

கணவர் வாசலிலேயே நின்றார். முந்தாநாள் கொண்டுவந்து போட்டது அவர்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு லேபிள்கள்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குன்னு கம்ப்யூட்டர்தான் சிவப்புல காட்டுச்சு. நல்லதைத்தானே வச்சிருக்கேன்?"

"நல்லது பெட்டிக்கடையிலயே கிடைக்கும்."

லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. தாளைப் பார்ப்பாள், பிழை இருந்தால் கழிப்பாள். நிறம் மயிரிழை விலகினாலும் பிடித்துவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழித்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி வருவாள். பக்கத்தில் வைக்க, சரியானதில் ஒன்று. கண் இல்லாத யானை. இரண்டு நிழல் விழும் கப்பல். பிழையே இல்லை என்று மேனேஜர் சாதிக்கும் நாட்களில் அவளுக்கு இருந்த சாட்சி அவைதான்.

ஓய்வு பெற்ற கணவர், சேகரிப்புகளைப் பட்டியலிடும் மென்பொருள் ஒன்றை ஏற்றி, எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிந்தார். பெயர், ஆண்டு, என்ன படம் என்பது. 'குறிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, கண் இருக்கிறவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டாள்.

"உங்க அக்காவும் தங்கச்சியும் ஒரே மூஞ்சிதானே? ஒருத்தரை இங்க எடைக்குப் போட வேண்டியதுதானே?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு பேர் முன்னாடி இப்படியா பேசறது?"

"இங்க இருக்கறது ஒருத்தர்தான். எண்ணத் தெரியலைன்னா கம்ப்யூட்டரைக் கேளுங்க."

"உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான்..."

"எனக்கு உதவின்னா என்னைக் கேட்டிருப்பீங்க."

கடைக்காரர் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் பதினொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்தாள். கணவரும் குனிந்தார்.

"தொடாதீங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பதினொன்றுக்கும் குறிப்புக் கட்டத்தை நிரப்பினாள். பிறகு போனவற்றை நினைவிலிருந்து எழுதினாள். நாற்பத்தாறில் நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள். கணவர் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். சாப்பிட்டாள். பாத்திரங்களை அவர் கழுவினார்.